வீட்டிலேயே சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்டிரிப்: ஒரு மதிப்புரை

மருந்துக்கடைகளில் புட்டியாகக் கிடைக்கும், புரதம், சர்க்கரை ஆகிய இரண்டை மட்டும் காட்டும் சிறுநீர் ஸ்டிரிப்பை, நெஃப்ரோடிக் சிண்ட்ரோமுக்காக (சிறுநீரகம் புரதத்தைப் பெருமளவு சிறுநீரில் கசியவிட, உடல் வீங்கும் நோய்) ஸ்டீராய்டு சாப்பிட்டுவரும் எங்கள் மகனுக்காக மருத்துவரின் சொற்படி வாங்கினோம். காலையின் முதல் சிறுநீரில் அதன் நுனியை நனைத்து, ஓரத்தில் வழித்துவிட்டு, 60 வினாடி கழித்துப் புட்டியின் மேலுள்ள வண்ண அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். புரதம் இல்லையெனில் கட்டம் மஞ்சளாகவே இருக்கும். புரதம் கூடக்கூடப் பச்சை ஏறும். ஒரு பிளஸ் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், இரண்டு 100, மூன்று 300.

இதன் உண்மையான மதிப்பு, வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே நோய் திரும்புவதைக் காட்டிவிடுவதில் இருக்கிறது. காலையில் குழந்தையின் கண்ணிமைகள் உப்பியிருந்து மாலைக்குள் வடிந்துவிடுவதைப் பலரும் ஒவ்வாமை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கால் வீங்கி, வயிறு பெருத்து, சிறுநீர் நுரைத்துக் குறைந்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸோ அதற்கு மேலோ வந்தால் நோய் திரும்பிவிட்டதாகக் கொள்வார்கள். காய்ச்சல், சளியின்போது தற்காலிகமாகப் புரதம் தலைகாட்டக்கூடும் என்பதால், ஒரு நாள் பச்சையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் 'டிரேஸ்' (மிகச் சிறிதளவு) எது, ஒரு பிளஸ் எது என்று பிரித்தறிவது கடினம். சன்னலோரம் போய்ப் பார்ப்பதே நல்லது. தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் அளவு கூடுதலாகத் தெரியும். சிறுநீர் மிகுந்த காரத்தன்மையோடு இருந்தாலும், சேகரிக்கும் கிண்ணத்தில் குளோர்ஹெக்சிடின் கலந்த கிருமிநாசினி ஒட்டியிருந்தாலும், இல்லாத புரதம் இருப்பதாகக் காட்டும். ஈரம் பட்டால் ஸ்டிரிப் கெட்டுவிடும் என்பதால் புட்டியைக் குளியலறையில் வைக்கக் கூடாது.

புரதம் ஏன் வெளியேறுகிறது என்ற காரணத்தை ஸ்டிரிப்பால் சொல்ல முடியாது. சிறு குழந்தைகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் 'மினிமல் சேஞ்ச்' (சாதாரண நுண்ணோக்கியில் சிறுநீரகத்தில் மாற்றம் பெரிதாகத் தெரியாத) வகையே காரணம். பெரியவர்களில் மெம்பரேனஸ் நெஃப்ரோபதி (சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடிக்கும் நோய்), நீரிழிவு, லூபஸ் (நோயெதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் நோய்), ஹெப்படைடிஸ் பி, அமிலாய்டு (உறுப்புகளில் பிறழ்ந்த புரதம் படிதல்) என்று பட்டியல் நீளும். நோயை உறுதிப்படுத்த இரத்தத்தில் அல்புமின் (இரத்தத்தின் முக்கியப் புரதம்), கொலஸ்டிரால், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ஆகியவற்றையும், சிறுநீரில் புரத–கிரியேட்டினின் விகிதத்தையும் பார்த்தாக வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல் புரதம் வெளியேறுவதே அளவுகோல். அவர்களில் பலருக்குச் சிறுநீரகப் பயாப்ஸி (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) தேவைப்படும். குழந்தைகளுக்கோ ஸ்டீராய்டுக்கு நோய் அடங்காதபோதும், சிறுநீரில் இரத்தம் வெளிப்படையாகத் தெரிவது போன்ற வழக்கத்துக்கு மாறான அறிகுறிகள் இருக்கும்போதும்தான் பயாப்ஸியைப் பற்றிப் பேசுவார்கள். மேலும், ஸ்டிரிப் முக்கியமாக அல்புமினையே காட்டுவதால், மைலோமாவில் (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்) வெளியேறும் புரதம் அதன் கண்ணில் படாமல் போகலாம்.

சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டுச் சிறுநீர் கலங்குகிறதா என்று பார்க்கும் பழைய முறை செலவு குறைந்தது. ஆனால் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அமிலப் புட்டியைப் பாதுகாப்பது எனக்குச் சரிப்படவில்லை. ஸ்டிரிப்பிலும் பத்துக் கட்டங்கள் கொண்டதை வாங்கத் தேவையில்லை. தினசரிக் கண்காணிப்புக்கு வேண்டாத கட்டங்களுக்கும் சேர்த்துப் பணம் போகும். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால் இரண்டு கட்டம் கொண்டதே போதும், காலாவதித் தேதியை மட்டும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.