'செட் பண்ணிய டை' என்று விற்றால் வாங்காதீர்கள்

டெக்சாஸில் இருந்துகொண்டு பழைய ரீலோடிங் சாமான் (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி தோட்டா செய்யும் கருவிகள்) வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாலஸ் பக்கம் ஒரு கன் ஷோவில் 9 எம்எம் டை செட் (தோட்டாவுக்கு அளவும் வடிவமும் தரும் எஃகு அச்சுகள்) ஒன்றை வாங்கி ஏமாந்தேன். விற்றவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

அவர் சொன்னது இதுதான்: "எல்லா டையும் செட் பண்ணி, லாக் ரிங்கை இறுக்கி, பெயிண்டால் கோடு போட்டிருக்கிறேன். உன் பிரஸ்ஸில் மாட்டு, ஓட்டு. வேறு எதையும் தொடாதே." பிரஸ் என்பது டையை மாட்டி நெம்புகோலால் அழுத்தும் இயந்திரம், லாக் ரிங் டையின் உயரத்தைப் பூட்டும் வளையம். அமைத்துக் கொடுத்ததற்கென்று தனியாகவும் பணம் வாங்கினார். அதே டைகளில் தான் செய்தவை என்று ஒரு பெட்டி தோட்டாவும் சேர்த்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் கேஜில் (அளவு பார்க்கும் உருளையில்) போட்டுப் பார்த்தாராம்.

அந்தப் பெட்டியைத் துப்பாக்கிப் பக்கமே கொண்டுபோகாமல் முதலில் பேரலில் போட்டுப் பார்த்தேன். ரீலோடிங் செய்பவர்கள் இதைப் 'ப்ளங்க் டெஸ்ட்' என்பார்கள். காலித் துப்பாக்கியிலிருந்து பேரலைத் தனியாகக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) மேலே பார்க்கும்படி பிடித்து, தோட்டாவை உள்ளே விட வேண்டும். 'டொக்' என்று போய் உட்கார வேண்டும். விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். பெட்டியில் பாதிக்கு மேல் விழவில்லை. சிலவற்றை இழுத்துத்தான் எடுத்தேன்.

எங்கே இடிக்கிறது என்று பார்க்கத் தோட்டா முழுக்க மார்க்கர் மை பூசி மறுபடி விட்டேன். சிலவற்றில் குண்டின் தோளில் மை அழிந்தது. குண்டு போதிய ஆழம் இறங்காததால் பேரலின் ரைஃப்ளிங்கில் (உட்புறச் சுழல் வரிகளில்) போய் முட்டுகிறது. 9 எம்எம் தோட்டாவின் மொத்த நீளத்துக்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான 'சாமி'யின் (SAAMI) தரம் தரும் உச்ச வரம்பு 1.169 அங்குலம். இவை எல்லாமே அதற்குள்தான் இருந்தன. ஆனால் அந்த வரம்புக்குள் இருப்பதால் மட்டும் உங்கள் பேரலில் உட்கார்ந்துவிடாது. குண்டின் மூக்கு எவ்வளவு பருமன், பேரலில் ரைஃப்ளிங் எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிஇசட் 75 வகைத் துப்பாக்கிகளில் அந்த இடைவெளி குறைவு என்பது தெரிந்த கதை. சாதாரண கேஸ் கேஜ் இதைக் காட்டாது. அது கேஸின், அதாவது பித்தளைக் கூட்டின், அளவைத்தான் பார்க்கும். அவர் கேஜில் போட்டது உண்மையாகவே இருந்தாலும் பயனில்லை.

மற்றவற்றில் கேஸின் வாய்க்குச் சற்றுக் கீழே மை அழிந்திருந்தது. அங்கே பித்தளை லேசாகப் புடைத்திருந்தது. சீட்டிங்கையும் (குண்டை அழுத்தி இறக்குவது) கிரிம்பையும் (கேஸின் வாயை இறுக்குவது) ஒரே டையில் செய்கிறார், அந்த டையை அளவுக்கு மீறி இறக்கிவிட்டிருக்கிறார். குண்டு இறங்கி முடிக்கும் முன்பே வாய் அதைக் கவ்விவிடுகிறது, பித்தளை போக இடமில்லாமல் புடைக்கிறது. காலிப்பரில் வாயை அளந்தால் 0.371 அங்குலம். வழக்கமாக 0.377 முதல் 0.380 வரை இருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். 9 எம்எம் தோட்டா சேம்பரில் நிற்பதே கேஸின் வாய் விளிம்பை வைத்துத்தான். அதில் கிரிம்பின் வேலை, குண்டு நுழைவதற்காக விரித்த வாயை நேராக்குவது மட்டும். குண்டைப் பிடித்து வைப்பது கேஸ் சுவரின் இறுக்கம். கிரிம்பை முறுக்கினால் பிடி கூடும் என்று நினைப்பது தப்பு. பித்தளை கொஞ்சம் திரும்பி விரியும், நசுங்கிய குண்டு விரியாது, பிடி தளர்ந்துவிடும். சந்தேகத்தில் ஒரு தோட்டாவின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போனது! மேகசினிலிருந்து ஏறும்போது சரிவில் முட்டி இப்படி உள்ளே போனால், 9 எம்எம் போன்ற சின்னக் கேஸில் அழுத்தம் சட்டென்று எகிறும். பேரலும் போகலாம், விரலும் போகலாம்.

சரி, டைகளைச் 'செட்' பண்ணி விற்க முடியுமா? அதே பிரஸ், அதே ஷெல் ஹோல்டர் (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு), அதே குண்டு என்றால் அமைப்பு நிற்கும். பிரஸ் மாறினால், சுட்டு விரிந்த கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டையின் உயரம் மாறும். ராமை (பிரஸ்ஸில் ஏறி இறங்கும் பகுதி) முழுக்க ஏற்றி, ஷெல் ஹோல்டர் தொடும் வரை டையை இறக்கி, டையின் உள்ளே கார்பைடு வளையம் என்றால் ஒரு மயிரிழை மேலே விட்டு, அங்கே பூட்ட வேண்டும். எக்ஸ்பாண்டர் டை, குண்டு உட்காரும் அளவுக்கு மட்டும் வாயை விரித்தால் போதும். சீட்டிங்கில் டையை மேலே வைத்து, கிரிம்ப் படாமல், குண்டை அழுத்தும் நடுத் தண்டால் ஆழத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் தண்டை நன்றாக உயர்த்தி, டையை மெல்ல இறக்கிக் கிரிம்பைப் பிடித்து, கடைசியில் தண்டை மறுபடி குண்டைத் தொடும்படி இறக்குங்கள். கிரிம்புக்குத் தனி டை இருந்தால் தொல்லையே இல்லை. முதலில் மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்ற வைப்பது) இல்லாத டம்மி செய்து பேரலில் விட்டுப் பாருங்கள். உருண்டை மூக்குள்ள ரவுண்டு நோஸ் குண்டிலிருந்து முனையில் குழியுள்ள ஹாலோ பாயிண்டுக்கு மாறினால் எல்லாம் முதலிலிருந்து.

இன்னொன்று. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய உரிமம் வேண்டாம், ஆனால் அதைத் தொழிலாக விற்கக் கூட்டரசு உரிமம் வேண்டும். இவரிடம் அப்படி எதுவும் இல்லை, "இலவசமாகத்தானே கொடுத்தேன்" என்கிறார். நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் ஒரு தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம். பெட்டியை யாராவது சும்மா நீட்டினாலும் வாங்காதீர்கள்.

அளவுகளைப் படம் எடுத்து அனுப்பியதற்கு வந்த பதில், "உன் பேரல்தான் இறுக்கம்." குண்டு உள்ளே போனது பற்றிக் கேட்டதற்கு பதிலே இல்லை. தோட்டாக்களை இம்பாக்ட் புல்லரில் தட்டிப் பிரித்தேன். என்ன மருந்து என்று தெரியாததால் அதை மீண்டும் பயன்படுத்தவில்லை. டைகள் என்னவோ நல்ல டைகள்தான், பெயிண்ட் கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அமைத்து ஓட்டுகிறேன். பணம் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை. அவர் இன்னும் மேசை போடுகிறார், லாக் ரிங்கில் பெயிண்ட் கோட்டோடுதான் டைகளை அடுக்கி வைக்கிறார்.