தென்னை மஞ்சளாச்சு: முதலில் போனா, நோட்டா?

போன ஆடியில் எங்கள் ஆனைமலைத் தோப்பின் வடக்கு வரிசை மஞ்சளடித்தது. காரணம் தேட இரண்டு வழி. உடனே போனில் தேடுவது ஒன்று. கேள்வியை நோட்டில் எழுதி, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக்கொண்டு அப்புறம் தேடுவது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்ததில் நான் நோட்டின் பக்கம்.

போன் வேகம், அதில் பேச்சே இல்லை. ஆனால் "தென்னை மஞ்சள் நோய்" என்று போட்டதும் வந்ததெல்லாம் கேரள வாடல் நோய். வந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் அதனால் மரங்களை வெட்டியவர்கள் உண்டு. அன்றிரவு தூக்கமே இல்லை.

காலையில் வீட்டுக்காரம்மா கேட்டார்: "ஏனுங்க, எந்த மட்டை மஞ்சளாச்சுன்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. நோட்டோடு தோப்புக்குப் போனேன்.

அந்த ஒரு கேள்விதான் வழியைப் பிரித்தது. தழைச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் இவற்றில் ஒன்று குறைந்தால், மரம் அதைப் பழைய மட்டையிலிருந்து எடுத்துப் புது மட்டைக்குக் கொடுக்கும். அதனால் அடிமட்டை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி நகராது. குறைந்தால் இளம் ஓலையில் தெரியும். வாடல் நோய் என்றால் ஓலைகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளையும். நான் எழுதியது: "11 மரம். அடிமட்டை. நுனியிலிருந்து மஞ்சள். ஓலை வளையவில்லை." அந்தக் கடைசி வரி, முந்தின இரவு போனில் படங்கள் பார்த்ததால் எழுதத் தோன்றியது. அந்த அளவில் போனுக்கும் பங்கு உண்டு.

எழுதிய சொற்களையே போட்டுத் தேடினேன். இப்போது மெக்னீசியம் பற்றாக்குறை முன்னால் வந்தது. மட்டையையும் நோட்டையும் ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு போனேன். அங்கே கேட்டதில் பாதிக்கு நோட்டிலேயே பதில் இருந்தது. அவர்களும் மெக்னீசியம் என்றே சொன்னார்கள். வட்டப்பாத்தியில் மெக்னீசியம் சல்பேட் வைத்தோம். பழைய மட்டை தேறவில்லை, புதிதாக வந்தவை பச்சையாக நிற்கின்றன.

இது ஒரு தோப்பு, ஒரு பிரச்சினையின் அனுபவம்தான். தண்டில் ஓட்டை விழுந்து சாறு வடிந்தால் சிவப்புக் கூன்வண்டாக இருக்கலாம். அப்போது நோட்டு வேண்டாம், உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

இப்போது தெற்கு வரிசையில் குரும்பை, அதாவது பிஞ்சுத் தேங்காய், கொட்டுகிறது. எந்தப் பாளை, எத்தனை மரம், எப்போது தண்ணீர் விட்டது என்று இரண்டு நாளாக எழுதுகிறேன். இன்னும் தேடத் தொடங்கவில்லை.