பச்சைக் கோடும் சிஆர்சி எண்ணும்: தண்டையார்பேட்டையில் எட்டு வருஷ ரவுட்டர் கண்காணிப்பு

எங்கள் ஆபீஸ் தண்டையார்பேட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருக்கிறது. மில் ஓடும் நேரத்தில் ரேக்கும் கூடவே லேசாக அதிரும். மூலையில் ஒரு பழைய மானிட்டர். எட்டு வருஷத்துக்கும் மேலாக அதில் பச்சைப் பரப்பும் நீலக் கோடும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. கேபிள் டிவியில் தொடங்கி பிராட்பேண்டுக்கு வந்த சின்ன ஆபரேட்டர் நாங்கள். ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் ஓரம் வரைக்கும் லைன். ஓனர் அண்ணன், நான், ஃபைபர் ஜாயின்ட் போடும் இரண்டு தம்பிகள், அவ்வளவுதான் கூட்டம். ரவுட்டரும் ஸ்விட்சும் என் தலையில்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது எந்த லைன் உயிரோடு இருக்கிறது, எது அறுந்தது என்றே தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தோம். அந்தப் பொங்கல் முடிந்த கையோடு எம்ஆர்டிஜி போட்டேன். 1994-ல் டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர், தான் வேலை பார்த்த இடத்தில் வெளியுலகத்துக்கு இருந்த ஒரே ஒரு 64 கேபிபிஎஸ் லைனைக் கவனிக்க எழுதத் தொடங்கிய கருவி அது. இன்றைக்குப் பார்க்கப் பழைய சாமான் மாதிரித்தான் இருக்கும். இலவசம். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரே போதுமாக இருந்தது.

அது வேலை செய்யும் விதம் ஈபி ரீடிங் மாதிரி. ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மீட்டர் எண்ணைக் குறித்து, போன ரீடிங்கைக் கழித்து யூனிட் போடுவாரே, அதே கணக்கு. இங்கே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எஸ்என்எம்பி (ரவுட்டர், ஸ்விட்சிடம் கணக்குக் கேட்பதற்கான பொது மொழி) வழியாக ரவுட்டரிடம் "இந்த இன்டர்ஃபேஸில் இதுவரை எத்தனை பைட் போயிருக்கிறது?" என்று கேட்கும். முந்தைய எண்ணைக் கழித்து, 300 வினாடியால் வகுத்து, எட்டால் பெருக்கினால் பிட் கணக்கில் வேகம். ரவுட்டர் தானாக வேகத்தைச் சொல்வதில்லை. மீட்டர் எண்ணை மட்டும் சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே.

2018-ல் அப்லிங்க்கை, அதாவது மேலே இருந்து எங்களுக்கு வரும் லைனை, 200 எம்பிபிஎஸ் ஆக்கினோம். சாயந்தரம் ஏழு மணிக்கு கிராஃப் 100, 110 என்று ஏறும். எட்டரை, ஒன்பது ஆனதும் தொப்பென்று விழுந்து 30, 35-ல் நிற்கும். அண்ணன் கொதித்துவிட்டார். "இன்னாப்பா இது, 200-க்குக் காசு வாங்கிட்டு 35 குடுக்கிறான்?" மேலே லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினோம். ஸ்கிரீன்ஷாட் மேல் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினோம். மூன்றாம் நாள் ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். அவர்கள் பக்கத்துக் கணக்கில் அதே ஒன்பது மணிக்கு 150 ஓடியிருந்தது.

தப்பு எங்களுடையது. பழைய எஸ்என்எம்பி முதல் பதிப்பில் பைட் மீட்டர் 32 பிட். 4,29,49,67,295 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிஷத்தில் அது ஒருமுறை முழுசாகச் சுற்றிவிட்டால், மீட்டர் சுற்றியதே கேட்பவனுக்குத் தெரியாது. 150 எம்பிபிஎஸ் ஓடினால் ஐந்து நிமிஷத்தில் 562 கோடி பைட்; ஒரு சுற்று போக மிச்சம் 133 கோடி; வகுத்துப் பார்த்தால் சரியாக 35 எம்பிபிஎஸ். ஐந்து நிமிஷ ரீடிங்கில் 32 பிட் மீட்டரால் காட்ட முடிந்த உச்சமே 114 எம்பிபிஎஸ் சொச்சம்தான். எங்கள் கிராஃப் ஒரு நாள்கூட அதைத் தாண்டவில்லை என்பதை அதற்கு அப்புறம்தான் கவனித்தேன்.

மருந்து ரொம்பச் சின்னது. எம்ஆர்டிஜி கோப்பில் ரவுட்டர் முகவரிக்குப் பின்னால் ஐந்து முக்காற்புள்ளி போட்டு 2 என்று எழுத வேண்டும். அப்போது எஸ்என்எம்பி இரண்டாம் பதிப்பில் பேசி 64 பிட் மீட்டரைக் கேட்கும். அந்த மீட்டர் ஒரு ஜிபிபிஎஸ் லைன் ராப்பகலாக நிரம்பி ஓடினாலும் சுற்றி வர 4,600 வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தப் பையனுக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

எம்ஆர்டிஜியில் இன்னொரு குணம் உண்டு, இதைச் சொல்லியே ஆக வேண்டும். ரவுட்டர் பதில் சொல்லவில்லை என்றால், கடைசியாகக் கிடைத்த வேகத்தையே திரும்பத் திரும்ப வரையும். ஒரு நாள் கொருக்குப்பேட்டையில் கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, ஸ்விட்ச் செத்துக் கிடக்கிறது. கிராஃபில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலப் பச்சை நேராகப் போகிறது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு கஸ்டமரிடம் "லைன் நல்லாத்தான் இருக்கு, உங்க வீட்டு வயரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டம்மா நேரில் வந்து கொடுத்த மரியாதை இங்கே எழுதக் கூடியதில்லை. பதில் வராததைச் சுழியமாக எழுது என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அன்றைக்கே போட்டேன். உயிருள்ள டிராஃபிக் ஒருபோதும் நேர்கோடாக ஓடாது. நேராகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இன், அவுட் குழப்பம் தனிக் கதை. கஸ்டமர் பக்கத்துப் போர்ட்டில் அவர்களுடைய டவுன்லோட் அவுட் கணக்கில்தான் ஏறும், ஏனென்றால் ரவுட்டர் வெளியே தள்ளுகிறது. அப்லிங்க் போர்ட்டில் அதே டேட்டா இன். எந்த வாசலில் நின்று எண்ணுகிறோம் என்பதுதான் விஷயம். அண்ணனுக்கு இன்றைக்கும் இது பிடிபடவில்லை. அதனால் கிராஃப் தலைப்பிலேயே "வீட்டுக்குப் போவது", "வீட்டிலிருந்து வருவது" என்று எழுதிவிட்டேன்.

2019-ல் எங்கள் ஆபீஸுக்கு லிப்ரென்எம்எஸ் என்ற புதுக் கண்காணிப்புக் கருவி வந்தது. ரவுட்டர் முகவரியைக் கொடுத்தால் எல்லாப் போர்ட்டையும் அதுவே தேடிப் பிடித்து, வேகம், பிழை, சூடு, ஃபைபர் வெளிச்சம் வரை தனித்தனி கிராஃப் போட்டுவிடும். டெலிகிராமில் எச்சரிக்கை அனுப்பும். நிறைய நன்மை, ஆனால் முதல் மாதம் என்னைப் படுத்தி எடுத்தது. எங்கள் கஸ்டமர்கள் பிபிபிஓஇ-யில், அதாவது பெயரும் பாஸ்வேர்டும் போட்டு லாகின் செய்யும் முறையில், வருகிறார்கள். ஒவ்வொருவர் லாகின் செய்யும்போதும் ரவுட்டரில் ஒரு தற்காலிக இன்டர்ஃபேஸ் பிறக்கிறது, போனால் சாகிறது, திரும்ப வந்தால் வேறு எண்ணில் பிறக்கிறது. லிப்ரென்எம்எஸ் அத்தனையையும் புதுப் போர்ட் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டே போனது. ஒரு கரண்ட் கட்டுக்கு அப்புறம் பார்த்தால் ஆயிரக்கணக்கில் செத்த போர்ட். பெயரில் பிபிபிஓஇ என்று வருவதையெல்லாம் ஒதுக்கச் சொன்ன பிறகுதான் டிஸ்க் மூச்சுவிட்டது. ஒரு கஸ்டமரை மட்டும் அந்த நிமிஷம் பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோடிக் ரவுட்டரில் நேராக உள்ளே போய் மானிட்டர்-டிராஃபிக் கமாண்ட் போடுகிறேன். வினாடிக்கு வினாடி ஓடும்.

இப்போது முக்கியமான புகாருக்கு வருகிறேன். இந்த ஐந்து நிமிஷ சராசரி இருக்கிறதே, அது பெரிய பொய்யன். ஐபிஎல் நடக்கும் ராத்திரிகளில் திருவொற்றியூர் பக்கம் "படம் நின்னு நின்னு வருது" என்று போன் மேல் போன். கிராஃபைப் பார்த்தால் ஒரு ஜிகா போர்ட்டில் 370 எம்பிபிஎஸ்தான். பாதிகூட நிரம்பவில்லையே என்று நானும் பல நாள் கஸ்டமர் வீட்டு வைஃபையைத்தான் குறை சொன்னேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 30 வினாடி 1000 நிரம்பி ஓடி, மீதி 270 வினாடி 300 ஓடினால் சராசரி 370. அந்த முப்பது வினாடியில்தான் படம் நிற்கிறது, போன் வருகிறது. அதைக் காட்டிக்கொடுத்தது வேகக் கோடு இல்லை, அவுட்புட் டிராப், அதாவது போர்ட் நிரம்பி அனுப்ப முடியாமல் கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்தான். தினம் ராத்திரி அது ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததேயில்லை. சிஸ்கோ பெட்டியில் ஷோ இன்டர்ஃபேஸ் கமாண்ட் காட்டும் வேகமும் இயல்பாக ஐந்து நிமிஷச் சராசரிதான். லோட்-இன்டர்வெல் 30 என்று குறைத்துக்கொள்ளலாம். நான் எல்லாப் போர்ட்டிலும் குறைத்துவிட்டேன்.

அதிலிருந்து காலையில் வந்ததும் முதலில் பிழைக் கணக்கைத்தான் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மொட்டை மாடியில் எங்கள் ஸ்விட்ச் பெட்டி. அந்தப் பகுதிக் கஸ்டமர்கள் நெட் ஸ்லோ என்பார்கள். டிராஃபிக் கிராஃப் அழகாகத்தான் இருக்கும். சும்மா ஏழாவது போர்ட்டின் சிஆர்சி எண்ணை, அதாவது வழியில் கெட்டுப்போய் வந்து சேர்ந்த பாக்கெட்டுகளின் கணக்கைப் பார்த்தேன்: 48 ஆயிரம் சொச்சம். மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்படக் கூடாது, அது எப்போதோ சேர்ந்ததாக இருக்கலாம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தேன், முந்நூறு கூடியிருந்தது. ஏணி எடுத்துக்கொண்டு போனோம்.

பெட்டியைத் திறந்ததும் உப்புக் காற்றும் கருவாட்டு வாசனையும் கலந்து முகத்தில் அடித்தது. ஆர்ஜே45 பிளக்கைப் பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எட்டுப் பின்னில் மூன்றில் தங்க முலாம் தேய்ந்து, அந்த இடத்தில் பித்தளைக் குத்துவிளக்கில் பிடிக்கும் களிம்பு மாதிரிப் பச்சையாக ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கீழே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "இங்க இரும்பே நிக்காது தம்பி, உன் கம்பி எங்க நிக்கும்?" என்றார். பிளக்கை மாற்றினோம், எண் நின்றது. நாலு மாதத்தில் மறுபடி ஏறியது. கடைசியில் அந்த ஏரியாவில் காப்பர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஃபைபர் போட்டுவிட்டோம்.

ஃபைபருக்கு சிஆர்சி வருவதற்கு முன்னாலேயே வெளிச்சம் சொல்லிவிடும். ஃபைபரைச் செருகும் எஸ்எஃப்பி மாட்யூல் தனக்கு வரும் ஒளியின் அளவை டிபிஎம் கணக்கில் சொல்லும். மூன்று குறைந்தால் ஒளி பாதி. ஒரு ஆடி மாதம் கொருக்குப்பேட்டை லைனில் மைனஸ் 15 இருந்தது ஒரே மதியத்தில் மைனஸ் 21 ஆகிவிட்டது, அதாவது கால்வாசி வெளிச்சம்தான் வருகிறது. லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, யாரும் புகார் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் பந்தல் போட்டவர்கள் சவுக்குக் கட்டையையும் விளக்குக் கம்பத்தையும் எங்கள் ஃபைபரையும் சேர்த்து ஒரே கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து விட்டதும் மைனஸ் 15. இரண்டு சொம்பு கூழும் கிடைத்தது. எண்ணூர் நெடுஞ்சாலைக் கன்டெய்னர் லாரிகளிடம் மட்டும் இந்த முன்னறிவிப்பெல்லாம் நடக்காது. அவை இழுத்தால் அறுந்தே போகும்.

மற்றபடி சின்னச் சின்னது. ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கையால் 100 ஃபுல் (ஃபுல் டூப்ளெக்ஸ், ஒரே நேரத்தில் இரு திசையும்) என்று வைத்தால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசைக்கு, இறங்கிவிடும். ஒரு பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கும் மோதல்) எண், மறுபக்கம் சிஆர்சி ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சந்தேகப்படலாம். சிஸ்கோவில் கிளியர் கவுன்டர்ஸ் அடித்தால் திரையில்தான் சுழியமாகும், எஸ்என்எம்பி எண் அப்படியே இருக்கும். கிராஃப் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எஸ்என்எம்பிக்குப் பாஸ்வேர்ட் மாதிரியான கம்யூனிட்டி பெயரை "பப்ளிக்" என்றே விட்டுவைக்காதீர்கள், வெளியிலிருந்து 161-ஆம் யுடிபி போர்ட்டை மூடிவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவெல்லாம் தண்ணீரில் நின்றபோது, வர்தாவைப் போல அலையவில்லை. எந்தப் பெட்டி எத்தனை மணிக்கு மௌனமானது என்ற பட்டியல் லிப்ரென்எம்எஸ்ஸில் இருந்தது. யூபிஎஸ் தீர்ந்து போனவை ஒரு பக்கம், வெளிச்சம் அறுந்து போனவை ஒரு பக்கம் என்று பிரித்து, தண்ணீர் வடிய வடிய அந்த வரிசையில் போனோம். முதல் நாள் மூன்று பெட்டிக்கு ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போனதோடு சரி, ஜாயின்ட் பெட்டியைத் தொடவே தேவைப்படவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் என்னைக் கேட்டால் நேராக லிப்ரென்எம்எஸ் போடச் சொல்வேன். எம்ஆர்டிஜியை நான் இன்னும் நிறுத்தவில்லை. அண்ணன் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த மானிட்டரைத்தான் எட்டிப் பார்ப்பார். லிப்ரென்எம்எஸ்ஸில் அதைவிட நல்ல கிராஃப் இருக்கிறது என்று பலமுறை காட்டிவிட்டேன். "இருக்கட்டும்பா, அதுல பச்சை பத்தல" என்கிறார்.