பழைய காபன் பைபர் கிற்றார், மட்டக்களப்பில் என்ன விலை போகும்?

நாலரை லட்சம் போகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கிற்றாரைப் பார்க்கிற யாரும் சத்தம் எப்படி என்று கேட்பதில்லை, எவ்வளவு போகும் என்றுதான் கேட்கிறார்கள். கம்போசிட் அக்குஸ்டிக்ஸ் கம்பெனியின் ஜிஎக்ஸ் மாடல், அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து லஃபயெட் நகரில் செய்த பழைய சாமான். மச்சானின் பெரியப்பா கனடாவில் வாங்கிப் பாவித்து, ஊருக்கு வந்தபோது இவனிடம் விட்டுப்போனார். இவன் கல்லடியில் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறவன், இப்போது கீபோர்ட் வாங்கக் காசு வேண்டும். "மச்சான், நாலரை சொல்லிப் பாப்பமா?" என்றான். கொஞ்ச நாள் என்னிடம் தா, வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று எடுத்து வந்தேன்.

சத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். பளிச்சென்ற சத்தம். கம்பியைத் தட்டியவுடன் எழும்பும், நெடுநேரம் நிற்கும், கீழ்க்கம்பிகள் குழம்பாமல் தெளிவாகக் கேட்கும். பழைய யமஹா மரக் கிற்றாரில் வருகிற அந்தக் கதகதப்பு இதில் இல்லை, அதை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான். மைக்கோடும் ஸ்பீக்கரோடும் கூட்டத்துக்கு நடுவில் வாசிக்க இதைவிட நல்லது நான் இங்கே கண்டதில்லை. கம்பி பழசானால் மட்டும் தகரம் மாதிரிச் சிணுங்கும், மரம் போல அதை மூடி மறைக்காது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பூச்சுப் பூசிய கம்பி போடுவது நல்லது.

நம் ஊர்க் காலநிலையில்தான் இந்தச் சாமானின் உண்மையான மதிப்பு இருக்கிறது. மரக் கிற்றாருக்கு 45 முதல் 55 வீத ஈரப்பதம்தான் ஏற்றது என்பார்கள். இங்கே கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் சுவரே வியர்க்கிறது, கிற்றாரின் வயிறு ஊதி, கம்பி மேலே எழும்பி, கரோல் பாடப்போகும் நாளில் விரல் வலிக்கும். மறுகா ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தால் எல்லாம் தலைகீழாகி, அதே மரம் வற்றிச் சுருங்கி, விரற்பலகையில் குறுக்கே பதித்த பிரெட் கம்பிகளின் முனை ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். காபன் உடல் இந்த இரண்டுக்கும் அசையாது. வழக்கமான மெல்லிய கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன, இவ்வளவு வருடம் அந்த இழுவையில் கிடந்தும் மேற்பலகை தட்டையாகவே இருக்கிறது. சுருதி கொஞ்சம் அசையத்தான் செய்யும், வெக்கைக்குக் கம்பி நீளும் அல்லவா, ஆனால் உடம்பு அசைவதால் அல்ல.

அப்படியென்றால் பழசானாலும் விலை குறையக்கூடாதே என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. காபன் கிழடாவதில்லை, அதோடு ஒட்டியிருக்கிற மற்றதெல்லாம் கிழடாகும். வாங்குகிறவரும் விற்கிறவரும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வகையில் ட்ரஸ் ரொட் கிடையாது, கழுத்துக்குள் போட்டு முறுக்கி வளைவைச் சரிசெய்யும் அந்த இரும்புக் கம்பி. கழுத்து நேராக இருந்தால் வாழ்நாள் முழுக்க நேர்தான், கோணலாக இருந்தால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. ஆறாவது கம்பியை முதலாவது பிரெட்டிலும், கழுத்து உடம்பைத் தொடுகிற இடத்திலும் ஒரேநேரத்தில் அமுக்கிக்கொண்டு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மெல்லிய தாள் ஒன்று நுழைந்தால் சரி, நாணயம் நுழைந்தால் விலையைப் பாதியாக்குங்கள். இதில் தாள்தான் நுழைந்தது. பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பி இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் நின்றால், உடம்பின் பக்கம் கம்பிகள் ஏறி நிற்கிற சிறு பட்டையான சாடிலைத் தேய்த்து இறக்கலாம், ஆனால் தேய்க்கச் சாடிலில் இன்னும் உயரம் மீதி இருக்க வேண்டும்.

அடுத்தது பிரெட். இதில் முதல் மூன்று பிரெட்டிலும் பள்ளம் விழுந்திருக்கிறது, பெரியப்பா சி, ஜி, டி கோர்ட்டுகளைத் தவிர வேறு போகவில்லை போல. மட்டம் தட்டினால் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். முழுதாகப் பிடுங்கிப் புதிதாக அடிக்க வேண்டி வந்தால் கஷ்டம், காபன் விரற்பலகையில் பிரெட்டைப் பிடுங்கும்போது ஓரம் செதில் செதிலாகப் பெயரும், மரத்தில் வேலை பழகிய கைக்கு அது வேறு உலகம். டவுனில் ஒரு கடையில் கொடுத்துக் கேட்டதற்கு, பிளாஸ்டிக் கிற்றாருக்கெல்லாம் நாங்கள் கை வைப்பதில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் தெரியாத வேலையைத் தொட்டுக் கெடுக்காமல் விட்டதற்கு நன்றி சொல்லவும் வேண்டும்.

வெடிப்பு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஒரு நாணயத்தால் மெதுவாக உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் எல்லா இடமும் கணீரென்று கேட்கும், உள்ளே நார்ப் படை பிரிந்த இடம் மட்டும் மொத்தென்று கேட்கும். பூச்சில் விழுந்த கீறல் வேறு, உள்ளே நார் முறிந்தது வேறு. வெடிப்பு இருந்தால் வாழைச்சேனையில் பைபர் வள்ளம் ஒட்டுகிறவர்களிடம் கொண்டுபோகலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். வள்ளத்துக்கு அவர்கள் பாவிப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர் ரெசின் என்ற பசை, கிற்றார் போன்ற வேலைக்கு எபொக்சி என்ற வேறு பசை, காய்ந்த எபொக்சியின் மேல் பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. எபொக்சி வைத்து வேலை செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் அது வேறு கதை.

வெயிலில் நிறுத்திய வானுக்குள் கிடந்த கிற்றாரா என்பதையும் கேளுங்கள். கண்ணாடி மூடிய வாகனத்துக்குள் சூடு 60 பாகையைத் தாண்டும், எபொக்சி பசையில் பல அந்தச் சூட்டில் இளகத் தொடங்கிவிடும். கம்பிகளை உடம்போடு பிடித்து வைத்திருக்கிற பிரிட்ஜின் பின்பக்கம் மெல்லிய தாளை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்ப ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பற்றரிப் பெட்டி. ஒன்பது வோல்ட் பற்றரியைப் போட்டு மறந்துவிட்டால் அது கசிந்து உள்ளே பச்சை பிடித்துவிடும், இதில் அப்படித்தான், சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்பில் சத்தமே வரவில்லை. தோள்வார் ஆணியும் துரு. காபன் மின்சாரத்தைக் கடத்தும், உப்புக்காற்று ஈரமும் சேர்ந்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற இரும்பும் அலுமினியமும் வழமையைவிட வேகமாக அரிக்கும். மலிவான ஆணிதான், ஆனால் அதைப் பார்த்தால் கிற்றார் எங்கே கிடந்தது என்று தெரிந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

நம் ஆட்கள் செய்கிற கணக்கு இப்படி: இணையத்தில் யாரோ 1,500 டொலர் என்று போட்டிருக்கிறார், பெருக்கல் 300, நாலரை லட்சம், முடிந்தது. மச்சானின் நாலரையும் அங்கிருந்து வந்ததுதான். கேட்கிற விலை யாரும் கேட்கலாம். இசைக்கருவிகள் கைமாறுகிற ரிவேர்ப் இணையத்தளத்திலும் ஈபேயிலும் விற்று முடிந்த விலையைத் தனியாகப் பார்க்க வழி இருக்கிறது, அதை மட்டும் எடுங்கள், அதிலும் உங்களுடைய நிலையில் உள்ளதை எடுங்கள். லஃபயெட்டில் செய்ததா, பிறகு செய்ததா என்பதும் முக்கியம். 1999 இல் எல்லிஸ் சீல் என்ற பொறியியலாளர் தொடங்கிய கம்பெனி 2010 இல் மூடப்பட்டு, பிறகு பீவி என்ற இன்னொரு அமெரிக்க இசைக்கருவிக் கம்பெனி வாங்கி மிசிசிப்பியில் திரும்பச் செய்தது. வாங்குகிறவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்கள், உள்ளே ஒட்டியிருக்கிற லேபலைப் படம் எடுத்துப் போடாத விளம்பரத்தை நம்பமாட்டார்கள். உத்தரவாதம் என்று எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள், அது பொதுவாக முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும்.

அங்கே 1,000 டொலருக்குக் கைமாறியது என்று வையுங்கள். இங்கே மூன்று லட்சம். அங்கே வாங்கியவருக்கு பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம், பழுதானால் தெரிந்த ஆள் உண்டு, திரும்ப விற்றாலும் பெயர் தெரிந்தவர்கள் வாங்குவார்கள். மட்டக்களப்பில் இந்த மூன்றும் இல்லை, அதற்காகவே நான் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பேன். இரண்டு லட்சம். அதில் செத்த பிக்கப்புக்கும் பிரெட் வேலைக்கும் கொழும்புக்குப் போய்வருகிற செலவோடு நாற்பதாயிரம் கழியும். ஆக ஒரு லட்சத்து அறுபதாயிரம், பெட்டி நல்லதாக இருந்தால் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் வரை. புதிதாக இறக்கினால் சுங்கமும் 18 வீத வற் வரியும் சேர்ந்து எங்கோ போகும் என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், ஆனால் புதிதாக இறக்க யாரும் நிற்கவில்லையே.

இன்னொரு இடி சீனாவிலிருந்து வந்தது. லாவா, என்யா என்ற கம்பெனிகள் காபன் என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், வாங்க வருகிற பொடியன் போனில் அதைக் காட்டி "அண்ணன், புதுசே இதுதானே விலை" என்பான். என்யாவின் நோவா கோ என்ற மாடல், காபன் நார் கலந்த பொலிகாபனேற் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தது, மச்சானின் கிற்றார் நார்த் துணியை ரெசினில் படுக்கவைத்துச் செய்தது, இரண்டும் ஒன்றில்லை. விளக்கலாம். விளக்கி முடிக்கும்போது அவன் போயிருப்பான்.

யாரிடம் விற்பது என்பதில்தான் விலை மாறும். ஊருக்குள் விளம்பரம் போட்டால் ஒன்றேகால் லட்சம் தாண்டாது. பாசிக்குடா ஹோட்டல்களில் வாசிக்கிற ஆட்களுக்கு மழை, உப்பு, வியர்வை எல்லாம் தெரியும், அவர்களிடம் கையில் கொடுத்து வாசிக்க விட்டால் ஒன்றரைக்குப் போகும், பிக்கப்பைத் திருத்தியிருந்தால் மட்டும். அறுகம்பையில் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை அலைச்சறுக்கலுக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெள்ளைக்காரர்களில் இந்தப் பெயரைக் கேட்டதும் கண் விரிகிற ஒருவர் அகப்பட்டால் இரண்டு லட்சமும் தருவார். நான் விற்பதாக இருந்தால் பங்குனி வரை பொறுத்து, அறுகம்பைக்குப் போகப் பொத்துவில் பஸ்ஸில்தான் ஏற்றுவேன்.

கிற்றாருக்கு ஐந்துக்கு நாலரை மார்க். நாலரை லட்சம் என்ற விலைக்கு ஒரு மார்க். மச்சானிடம் ஒரு லட்சத்து எண்பது கேள், ஒன்று அறுபதுக்குக் கீழே இறங்காதே, இறங்க வேண்டி வந்தால் விற்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவன் இன்னும் மூன்றரை என்றுதான் போட்டு வைத்திருக்கிறான்.