செய்யாத தவறுக்கு இ-செலான்: கட்டுவதா, எதிர்ப்பதா?

வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. ஆனால் ஏதோ ஒரு சிக்னலில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக 1,000 ரூபாய்க்கு இ-செலான் வருகிறது. முதலில் ஒன்று: குறுஞ்செய்தியில் இருக்கும் லிங்க்கைத் தொடாதீர்கள். போலி செலான் அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டம் நிறைய இருக்கிறது. மத்திய அரசின் பரிவாகன் இ-செலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

செலான் உண்மை என்றால், "கட்டிட்டுப் போ, எதுக்கு அலைச்சல்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், சரி. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவில் 2019 திருத்தம் சேர்த்த ஒரு வரி பலருக்குத் தெரியாது. இணக்கக் கட்டணம், அதாவது வழக்குக்குப் போகாமல் முடிக்கும் தொகை, கட்டி முடித்த குற்றமும், அடுத்த முறை அதே குற்றத்தில் மாட்டினால் முந்தைய குற்றமாகவே கணக்கில் வரும். உதாரணமாக, 177-ஆம் பிரிவில் வரும் பொதுவான மீறல்களுக்கு முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை அபராதம். செய்யாத தவறை அலைச்சலுக்குப் பயந்து ஏற்றுக்கொண்டால், பிறகு எப்போதாவது நிஜமாகத் தவறும்போது அது 'இரண்டாவது தடவை' ஆகிவிடும். அதனால் கட்டிவிடும் யோசனை எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டாவது வழி, அதே தளத்தில் புகார் பதிவது. செலவில்லை, நேரில் போக வேண்டியதும் இல்லை. தவறு படத்திலேயே தெரிகிறது என்றால் இதுதான் முதல் படி. செலானில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களுடையது ஸ்கூட்டர், படத்தில் பைக். நம்பர் பிளேட்டில் 3-ஐ 8 என்று படித்திருக்கிறார்கள். இப்படி ஏதாவது இருந்தால், அந்தப் படத்தையும் ஆர்.சி.யையும் வண்டியின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஆனால் "சிக்னல் மஞ்சளில்தான் இருந்தது" என்பது மாதிரி வாதம் இங்கே எடுபடுவது கடினம். படத்தில் இல்லாததைப் புகாரைப் படிப்பவர் எப்படிச் சரிபார்ப்பார்?

அந்த மாதிரி வாதத்துக்கு நீதிமன்றம்தான் இடம். 2019-இல் டெல்லியில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவிய மெய்நிகர் நீதிமன்றத்துக்கு உங்கள் செலான் போயிருந்தால், அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும்: அபராதத்தைக் கட்டுவது, வழக்கை எதிர்ப்பது. பெயரைப் பார்த்து எல்லாம் ஆன்லைனிலேயே முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்ப்பதைத் தேர்ந்தால் வழக்கு அந்தப் பகுதியின் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அப்புறம் வாய்தா உண்டு, நேரில் போக வேண்டும். ஒருநாள் சம்பளம் போகும், வக்கீல் வைத்தால் அதற்கும் செலவு. பணத்தை மட்டும் பார்த்தால் இது நஷ்டம்தான். ஆனால் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அங்கே எதிர்த்தரப்புக்கு. டேஷ்கேம் பதிவோ, அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்ததற்கான டோல் ரசீதோ கையில் இருந்தால் துணிந்து போகலாம்.

மக்கள் நீதிமன்றத்தை (லோக் அதாலத்) பலரும் பரிந்துரைப்பார்கள். தொகை குறையலாம், அன்றைக்கே முடியலாம். ஆனால் அது சமரசத்துக்கான மேடை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அதன் தீர்வே இறுதி, மேல்முறையீடு கிடையாது. தவறு செய்துவிட்டு, தொகையைக் கண்டு திணறுபவருக்கு அது நல்ல வழி. தவறே செய்யாதவர் அங்கே போனால் பாதிப் பணத்தைக் கட்டிவிட்டு, செய்தவராகவே வெளியே வருவார்.

எதுவும் செய்யாமல் கிடப்பில் போடுவதை மட்டும் ஒரு வழியாக எண்ண வேண்டாம். வண்டியை விற்கவோ எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கவோ போகும் நாளில் நிலுவைச் செலான் குறுக்கே நிற்கும். அதற்குள் உங்களிடம் இருந்த டேஷ்கேம் பதிவும் அழிந்திருக்கும்.