மெடிக்கலில் விற்கும் முதலுதவிப் பெட்டி: திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது?

மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் 500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை விதவிதமான முதலுதவிப் பெட்டிகள் கிடைக்கின்றன. வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் கூட்டல் குறி, பக்கத்தில் இத்தனை பொருட்கள் என்று பெரிய எழுத்தில் ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே பாதிக்கு மேல் சின்னச் சின்ன பிளாஸ்திரிதான் இருக்கும், ஒவ்வொன்றையும் தனிப் பொருளாகக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். மற்றபடி ஒரு சுருள் பஞ்சு, நாலைந்து 2 அங்குல பேண்டேஜ், சிறிய ஆன்டிசெப்டிக் பாட்டில், தீக்காயக் களிம்பு, முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஒரு ஜோடி கையுறை, ஒரு ரப்பர் பட்டை.

காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால், பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் இது போதும். ஆனால் வீட்டில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் நெஞ்சுவலியில், சர்க்கரை இறங்குவதில், பக்கவாதத்தில், தொண்டை அடைப்பதில். 108-க்கு போன் செய்துவிட்டு வண்டி வாசலுக்கு வரும்வரை கையில் இருக்கிற நேரத்தில் இந்தப் பெட்டி எதற்கு உதவும் என்பதுதான் கேள்வி.

முதலில் பஞ்சு. ரத்தம் வரும் காயத்தின் மேல் பஞ்சை வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது உறைந்த ரத்தமும் சேர்ந்து பிய்ந்து திரும்ப ஒழுகும். பஞ்சுக்குப் பதிலாக 10 செ.மீ. சதுர ஸ்டெரைல் காஸ் பேட், அதாவது கிருமி நீக்கிய வலைத்துணி மடிப்பு, பத்தாவது வேண்டும். 2 அங்குல பேண்டேஜ் விரலுக்குத்தான் ஆகும். தொடையிலோ முழங்கையிலோ ஆழமாக வெட்டுப்பட்டால் அதை எத்தனை சுற்று சுற்றினாலும் அழுத்தம் நிற்காது, அதனால் 4 அங்குலம், 6 அங்குலம் கிரேப் பேண்டேஜ் தலா இரண்டு வாங்கிப் போடுங்கள். காஸை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்ப்பதில்தான் காரியம் கெடுகிறது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அப்போதுதான் கட்டத் தொடங்கிய ரத்தக்கட்டி கலைந்துவிடும். காஸ் நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கத்தியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அசையாதபடி இரண்டு பக்கமும் துணி கொடுத்துக் கட்டி, அப்படியே கொண்டுபோக வேண்டும்.

ரப்பர் பட்டையை எடுத்து வெளியே போட்டுவிடலாம். ரத்தப் பரிசோதனைக்கு நரம்பு தெரிவதற்காகக் கட்டுகிற பட்டை அது. பெட்டியில் இருந்தால் பாம்புக்கடிக்குக் கட்டத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. இறுக்கிக் கட்டினால் காலுக்கு ரத்தம் போகாமல் தசை சாகும், கட்டை அவிழ்க்கும் நேரத்தில் நிலைமை சட்டென்று மோசமாகும். கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீக்கம் வந்த பிறகு கழற்ற வராது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த கையையோ காலையோ சிம்பு (பலகை அல்லது குச்சி) வைத்து அசைவில்லாமல் நிறுத்தி, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், எனவே பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமில்லை. கட்டுவிரியன் கடித்த இடத்தில் பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். தரையில் படுத்துத் தூங்கியவர் விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை தொங்கி, பேச்சும் குழறினால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டிகளின் பெரிய குறை ஆஸ்பிரின். காய்ச்சல் மாத்திரை வைக்கிற பெட்டியில்கூட இது இருப்பதில்லை. நெஞ்சின் நடுவில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி அழுத்தம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, சில்லென்ற வியர்வை என்றால் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வாந்தி, திடீர் அசதி மட்டும் வருவதுண்டு. வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. முதலில் 108. பிறகு சுமார் 300 மி.கி. ஆஸ்பிரின், அதாவது 75 மி.கி. மாத்திரை என்றால் நான்கு, 150 என்றால் இரண்டு. அப்படியே முழுங்கக் கூடாது, கடித்து மென்று விழுங்க வேண்டும். இந்த மாத்திரைகளின் மேல் வயிற்றில் கரையாத பூச்சு இருப்பதால் முழுதாக விழுங்கினால் வேலை செய்ய நேரமாகும். ஆஸ்பிரின் அலர்ஜி, ரத்த வாந்தி, கருப்பாக மலம் போவது போன்றவை இருந்தால் கொடுக்காதீர்கள்.

இதய அவசர மாத்திரை என்று தனியாக விற்கும் சின்ன உறைகளில் நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் இருக்கும். மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அது. ரத்த அழுத்தத்தை சட்டென்று இறக்கும், நின்றபடி வைத்துக்கொண்டால் அங்கேயே மயங்கி விழுவார்கள். வயாகரா வகை மாத்திரை சாப்பிட்டவருக்கு இதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் 2023-இல் தொடங்கிய தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் மூன்றும் முதல் டோஸாக அங்கேயே கொடுத்து அனுப்புவார்கள். இது தெரியாமல் அந்த வாசலைக் கடந்து போகிறவர்கள் ஏராளம்.

அதே ஆஸ்பிரினைப் பக்கவாதத்துக்குக் கொடுக்கவே கூடாது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது, வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கசிவைக் கூட்டும். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அந்தக் கெடு நீங்கள் சொல்லும் நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறும்.

விலை கூடிய சில பெட்டிகளில் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் சேர்த்துத் தருகிறார்கள். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டுக்கு இதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். ஆனால் ரத்தத் துளி வைக்கும் ஸ்டிரிப் டப்பாவின் மூடியைக் கவனியுங்கள். ஈரத்தை உறிஞ்சும் பொருள் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது, மூடியை அழுத்தி மூடாமல் விட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஸ்டிரிப் கெட்டுத் தப்பான எண் காட்டும். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதிவிடுங்கள், திறந்த பின் எத்தனை மாதம் தாங்கும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினால் தோலில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்து அதிகமாகக் காட்டும். உண்மையில் 60 இருப்பவருக்கு 140 என்று வந்தால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், ஆபத்தே அதில்தான்.

70-க்குக் கீழே போனால், நடுக்கம், வியர்வை, சம்பந்தமில்லாத பேச்சு இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு சமையலறைச் சர்க்கரை சரியாக வேலை செய்யாது, அது குடலில் உடைவதையே அந்த மாத்திரை தடுக்கிறது. அதனால் பெட்டியில் சுத்த குளுக்கோஸ் பவுடர் இருக்கட்டும். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒருமுறை ஏறினாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும், தெளிந்துவிட்டார் என்று தூங்க விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இலவசம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காகப் பெட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கருத்த மருதாணியும் நெயில் பாலிஷும் குளிர்ந்த விரலும் அதை ஏமாற்றும். 99 காட்டினாலும் மாரடைப்பு இருக்கலாம். மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையில் மயங்கியவருக்கு அது நல்ல எண்ணையே காட்டும். கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

தீக்காயக் களிம்பை முதலில் தடவ வேண்டாம். 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர்தான் முதல் மருந்து. ஐஸ், பற்பசை, பேனா மை எதுவும் கூடாது. கத்தரிக்கோல் ஜீன்ஸ் துணியில் நுழையாது, ஆம்புலன்ஸில் வைத்திருக்கும் வளைந்த முனைக் கத்தரி சர்ஜிக்கல் கடையில் தனியாகக் கிடைக்கும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைப் பாக்கெட் இரண்டு போடுங்கள், பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கலந்தால் உப்பு கூடிப்போகும், குழந்தைக்கு அது கெடுதல்.

எந்தப் பெட்டியிலும் கிடைக்காதவை இரண்டு. மூச்சுக்குழாயை ஏதாவது அடைத்து இருமக்கூட முடியாமல் நிற்பவருக்குத் தோள்பட்டைகளின் நடுவே ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேலாக ஐந்து குத்து. ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்கு வயிற்றில் குத்தாமல் நடு மார்பில் ஒரு உள்ளங்கையின் அடியால் ஐந்து அழுத்தம். அடுத்தது, கூப்பிட்டால் அசையாதவர், மூச்சில்லாதவர். மீன் வாயைத் திறப்பது போல் விட்டு விட்டு இழுப்பது மூச்சு இல்லை. நடு மார்பில் இரு கையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, வண்டி வரும்வரை நிறுத்தாமல் அழுத்துங்கள். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்து ஆழம் குறையும், பக்கத்தில் நிற்பவரை மாற்றிவிடுங்கள்.

என் மதிப்பீடு ஐந்துக்கு இரண்டு, அதுவும் பெட்டி உறுதியாக இருப்பதற்காக. 150 ரூபாய் டிபன் பாக்ஸ் போன்ற ஒன்றில் மேலே சொன்னதை நீங்களே அடுக்கினால் இதைவிட நன்றாக அமையும். மூடியின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டி, வீட்டில் யார் யாருக்கு என்ன மாத்திரை, எதற்கு அலர்ஜி, 108-க்குச் சொல்ல வேண்டிய கோயில் அல்லது பள்ளிக்கூட அடையாளம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சமையலறை அடுப்பின் பக்கமும் குளியலறையிலும் காரிலும் வைக்காதீர்கள், சூட்டிலும் ஈரத்திலும் மாத்திரையும் ஸ்டிரிப்பும் கெடும். பூட்டுப் போட வேண்டாம், குழந்தை கைக்கு எட்டாத உயரம் போதும்.