‘எச்.டி. ரீமாஸ்டர்’ குங்ஃபூ பெட்டி: முழுக் காசு, பாதிப் படம்

‘பழைய ஹாங்காங் குங்ஃபூ படங்கள், 20 படம், ஒரிஜினல் அகலத்திரை, எச்.டி. ரீமாஸ்டர்’ என்ற விளம்பரத்தோடு ஆன்லைனில் ஒரு பெட்டி விற்கிறது. அட்டையில் சட்டையில்லாத புரூஸ் லீ. பிரித்தால் ஐந்து டிவிடி, ஐந்துக்கும் அடிப்பக்கம் ஊதா நிறம். தொழிற்சாலையில் அச்சான வட்டு வெள்ளியாகப் பளபளக்கும். ஊதா என்றால் யாரோ கணினியில் ரைட் செய்தது. விற்றவர் பெயரைச் சொல்லிப் பயனில்லை, ஒரே சரக்கு பல கடைப் பெயர்களில் வருகிறது. சரக்கைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பொய் அட்டையிலேயே இருக்கிறது. டிவிடியின் உச்சத் தெளிவே 720×576 அல்லது 720×480. அதில் எச்.டி. என்ற பேச்சுக்கே இடமில்லை. போதாததற்கு 4.7 ஜி.பி. வட்டில் நான்கு படங்களைத் திணித்திருக்கிறார்கள். ஒரு படம் 95 நிமிடம் என்று வைத்தால் நொடிக்கு 1.6 மெகாபிட் தரவுதான் தேறும். ஒழுங்கான டிவிடியில் 5 முதல் 8 வரை இருக்கும். நாயகன் டீ குடிக்கும்போது படம் சுமாராகத் தெரியும். கையும் காலும் வேகமெடுத்த உடனே கட்டம் கட்டமாக உடையும். யாரும் டீ குடிப்பதைப் பார்க்க இந்தப் படங்களை வாங்குவதில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய திருட்டு படச் சட்டத்தின் (பிரேம்) ஓரங்களில் நடக்கிறது. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் கம்பெனிப் படங்கள் ‘ஷாஸ்கோப்’ முறையில், உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலத்தில் (2.35:1) எடுத்தவை. பெட்டியில் இருப்பது பழைய டிவி அளவான 1.33:1, அதாவது அகலத்தில் ஏறத்தாழ 43 சதவீதம் காணோம். வேறு வகைப் படமென்றால் ஓரத்தில் ஒரு தூணோ கதவோ போயிருக்கும். இங்கே ஆளே போகிறான். லாவ் கார் லியுங் போன்ற இயக்குநர்கள் அடிப்படையில் சண்டைப் பயிற்சியாளர்கள். இரண்டு பேரையும் தலை முதல் கால் வரை காட்டி, வெட்டாமல் பத்துப் பதினைந்து அடி தொடர்ந்து ஓடவிடுவார்கள். நிற்கிற நிலை, கால் மாற்றம், தடுப்பு, பதிலடி எல்லாம் ஒரே பார்வையில் விழும். இன்றைய படங்களில் அடிக்கொரு வெட்டு விழுவதால்தான் இன்னும் ஆட்கள் இவற்றைத் தேடி வருகிறார்கள்.

1978-இல் வந்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ படத்தையே எடுங்கள். நாயகன் கார்டன் லியு இரட்டைக் கத்திக்காரரிடம் தோற்று, பிறகு மூன்று துண்டுத் தடியை உருவாக்கிக்கொண்டு வந்து மோதுவார். அந்தத் தடியை நீட்டினால் ஆள் உயரத்தைத் தாண்டும். ஒரு நுனி தடுக்க, மறு நுனி சுற்றி வந்து அடிக்கும். ஓரம் வெட்டிய பிரதியில் கையில் பிடித்த நடுத்துண்டு மட்டும் தெரிகிறது. கத்தி எங்கிருந்தோ வருகிறது, அடி எங்கேயோ விழுகிறது, சத்தம் மட்டும் சரியாகக் கேட்கிறது.

வாங்குமுன் கண்டுபிடிக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். விற்பவர் போடும் மாதிரிப் படங்கள் டைட்டில் காட்சியிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். பெயர்கள் வெட்டுப்படக் கூடாது என்பதற்காக அந்தப் பகுதியை மட்டும் பக்கவாட்டில் நசுக்கி முழு அகலத்தையும் காட்டுவது டிவி காலப் பழக்கம். ஆட்கள் மூங்கில் கழி போல ஒல்லியாக இருப்பார்கள். பெயர் முடிந்ததும் வெட்டு தொடங்கும். சண்டைக் காட்சியிலிருந்து ஒரு சட்டம் கேளுங்கள். பழைய பிரதிகளில் படத்தோடு பதிந்த சீன, ஆங்கில வசன வரிகளின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் பாதியாக நின்றால் சந்தேகமே வேண்டாம்.

கையில் வந்த பிறகு, கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் கன்ட்ரோல்+ஜே அழுத்துங்கள். பிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை சட்டம்) 25 என்று காட்டினால் அது பால் (PAL) என்ற டிவி முறைக்கான பிரதி. 24-இல் எடுத்த படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். சண்டையை வேகமாகக் காட்டப் படப்பிடிப்பிலேயே கேமராவை மெதுவாக ஓட்டியிருப்பார்கள். அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் பொம்மலாட்டம்தான். நேரம் குறைந்தாலே காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். ஓடும் நிமிடத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுங்கள். 110 நிமிடம் கிட்டத்தட்ட 115 ஆகும். அதற்குப் பிறகும் படத்தின் அசல் நீளத்தைவிடக் குறைந்தால் காட்சி போயிருக்கிறது. ‘ஈ’ விசையை அழுத்திச் சட்டம் சட்டமாக நகர்த்தும்போது ஒரே முஷ்டி இரண்டாக மங்கித் தெரிந்தால், பால் பிரதியை அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி-க்கு மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆங்கில டப்பிங் இருப்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள். அந்தக் காலப் படங்கள் பெரும்பாலும் நேரடி ஒலி இல்லாமல் எடுத்து, மாண்டரின் (சீன மொழி) குரலையே பிறகு சேர்த்தவை.

20 படம் என்ற கணக்கும் புரட்டுதான். ‘கிங் பாக்ஸர்’ (1972), ‘ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்’ இரண்டும் ஒரே படம். ‘மாஸ்டர் கில்லர்’ என்பது மேலே சொன்ன 36-ஆவது அறையேதான். அமெரிக்காவில் ‘தி பிக் பாஸ்’ படத்தை ‘ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃப்யூரி’ என்றும், ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யை ‘தி சைனீஸ் கனெக்‌ஷன்’ என்றும் மாற்றி வெளியிட்டார்கள். இந்தக் குழப்பத்தை வைத்தே ஒரு படத்தை இரண்டாக விற்கலாம். அட்டையில் இருக்கும் புரூஸ் லீ உள்ளே இல்லை. இருப்பவர் புரூஸ் லி, இன்னொருவர் புரூஸ் லே. லீ 1973 ஜூலை 20-இல் இறந்த பிறகு கிளம்பிய நகல் நடிகர்கள் இவர்கள். பெரியவரான பிறகு லீ நாயகனாக நடித்து முடித்த குங்ஃபூ படங்கள் நான்குதான். ஐந்தாவதான ‘கேம் ஆஃப் டெத்’ பாதியில் நின்று, மாற்று ஆட்களை வைத்து ஒப்பேற்றி 1978-இல் வந்தது. ‘புரூஸ் லீ 16 படத் தொகுப்பு’ என்று பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஷா படங்களின் முறையான மறுசீரமைப்புப் பிரதிகள் 2002 டிசம்பரில்தான் ஹாங்காங்கில் டிவிடியாக வரத் தொடங்கின. அவற்றிலும், பிறகு வந்த ப்ளூ-ரேக்களிலும் முழு அகலம் கிடைக்கும். ஆனால் வட்டு எந்த நாட்டுக் கருவியில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியைப் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். ஹாங்காங் டிவிடி மண்டலம் 3, இந்தியாவும் இலங்கையும் 5. ப்ளூ-ரேயில் ஹாங்காங்கும் அமெரிக்காவும் ஏ, இந்தியா சி. சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களும் 3, ஏ மண்டலங்களில்தான் வருகிறார்கள்.

ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கியிருந்தால், ‘தரம் சரியில்லை’ என்று புகார் எழுதாதீர்கள், ‘பழைய படம் அப்படித்தான்’ என்று பதில் வரும். ‘விளம்பரத்தில் அகலத்திரை, எச்.டி.; வந்தது 1.33:1, 720×480, கணினியில் பதிந்த வட்டு’ என்று எழுதி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வட்டின் அடிப்பக்கப் போட்டோ, விஎல்சி தகவல் பெட்டி மூன்றையும் இணையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள். இந்தியாவின் 2020 மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.